ஆலங்கட்டி மழையில் புல்புல்

1

கனடாவில் இருக்கும் என் அக்காள் வீட்டுக் கொல்லையில், வசந்தம் வந்த பிறகும் ஒவ்வொரு வருஷமும் ஒரு பனி விழும். அது கடவுள் செயல். அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது அக்காள் செயல். இரண்டும் தவறியதே இல்லை.

இந்த ஏப்ரலிலும் படம் வந்தது. தரையெல்லாம் வெள்ளை வெளேரென்று பனி. ஒரு மொட்டைக் கிளை. அதன்மேல் செம்மார்புக் குருவி ஒன்று இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கீழே அக்காள் எழுதியிருந்தாள்: "குளிர் இன்னும் போன பாடில்ல. பாவம், பாட்டுப் பாட வந்த குருவி." அவ்வளவுதான், குழு பொங்கிவிட்டது. கைகூப்பல்கள், இதயங்கள், "தேவனுடைய படைப்பு அற்புதம்" என்று சித்தப்பா. போன மாதம் நானும் ஒரு படம் போட்டேன், நாங்கள் இருக்கும் ராஸ் அல் கைமாவில் மலைக்குப் பின்னால் சூரியன் உதிப்பதை. ஒரே ஒரு பெருவிரல் வந்தது. அதுவும் என் வீட்டுக்காரருடையது.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. எங்கள் குமரிக் கடற்கரையில் வெளிநாட்டுக்காரர்களுக்குள்ளும் மேல் கீழ் உண்டு. கனடாக்காரி செட்டில் ஆனவள். கல்ஃப்காரி வேலைக்குப் போனவள். அக்காள் ரீத்தா ஊருக்கு வந்தால் "எப்பம் வந்த?" என்று கேட்பார்கள். நான் வந்தால், பெட்டியைக் கீழே வைப்பதற்குள் "எப்பம் திரும்பிப் போற?" என்று கேட்பார்கள்.

அக்காள் நல்லவள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். இந்த வருஷம் அவளாகவே ஒரு யோசனை சொன்னாள். என் ஒரே மகள் ஷெரின் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருக்கிறாள்.

"பிள்ளைய எனக்க கிட்ட அனுப்பு ஜெசி. எனக்க வீட்டுல நின்னு படிக்கட்டும். படிப்பு முடிஞ்சா இங்கயே செட்டில் ஆவலாம். உன்னப் போல விசா எப்பம் முடியும்னு பாத்துப் பாத்துக் காலம் தள்ளாண்டாம்."

விண்ணப்பம் போட்டோம். கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. மாதக் கடைசிக்குள் வருகிறோம் வரவில்லை என்று பதில் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஓகே" என்றார். ஷெரினிடம் கேட்டேன். ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல் அவளும் "ஓகே" என்றாள். இத்தனை வருஷ நர்ஸ் வேலையில் நான் எத்தனையோ எக்ஸ்ரே பார்த்திருக்கிறேன். வயசுப் பிள்ளை சொல்லும் ஓகேக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ரே மட்டும் இன்னும் வரவில்லை. அவள் சந்தோஷமாகப் போகிறாளா, எங்களுக்காகப் போகிறாளா என்று தெரியாமல் அந்த மாதம் முழுக்க எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

2

நாங்கள் இருப்பது ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. வீட்டுக்காரர் அருள் ஒரு ஹோட்டலில் ஏசி டெக்னீஷியன். எனக்கு ஆஸ்பத்திரியில் மாறி மாறி டூட்டி. அவர் வரும்போது நான் போவேன், நான் வரும்போது அவர் போவார். எங்கள் குடும்ப வாழ்க்கையில் பாதி படிக்கட்டில் நடந்தது.

எங்கள் அடுக்களைச் சுவரை அடுத்து ஓர் அரபு வீடு, பெரிய முற்றத்தோடு. மேலேயிருந்து அந்த மாதிரி வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது இங்கே பெருந்தப்பு. பெண்கள் தங்கள் முற்றத்தில் தலையில் துணியில்லாமல் நடமாடுவார்கள். அதனால் கட்டட முதலாளி அந்தப் பக்கத்து ஜன்னல் கண்ணாடிகள் எல்லாவற்றிலும் வெளியே எதுவும் தெரியாதபடி வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். எங்கள் நாத்தூர் ரஃபீக் பாய் பங்களாதேஷ்காரர். நாத்தூர் என்றால் கட்டடத்துக் காவல்காரர். ஸ்டிக்கரில் ஒரு மூலை உரிந்தாலும் பசை டப்பாவோடு வந்து நின்றுவிடுவார்.

அதனால் பக்கத்து வீட்டை எனக்குக் காதால் மட்டுமே தெரியும். குழாய் திறக்கும் சத்தம், பாத்திரம் உருட்டும் சத்தம், பிறகு ஒரு பறவை. நைட் டூட்டி முடிந்து வந்து தேயிலை கொதிக்க வைக்கும் நேரத்தில் அது பாட ஆரம்பிக்கும். தண்ணீர் நிறைந்த புட்டியை ஆட்டினால் வருமே, அப்படி ஒரு குளுகுளுப்பு அந்தக் குரலில். புல்புல் என்று ரஃபீக் பாய் சொன்னார். பங்களாதேஷ்காரருக்கும் அது புல்புல், அரபிக்கும் அது புல்புல். நாங்கள் எல்லோரும் சண்டை போடாமல் ஒத்துக்கொண்ட ஒரே வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

இங்கேயிருந்து நிரந்தரமாகக் கிளம்பிப் போன பிலிப்பீன்ஸ் நர்ஸ் ஒருத்தியிடமிருந்து தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டும் கேமரா ஒன்று எனக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து பறவைப் படம் எடுக்கிறேன். கலை ஆர்வம் என்று எழுத ஆசைதான். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டுமே, அக்காள் மேல் உள்ள போட்டிதான் காரணம். முன்பக்கத்துப் பால்கனியில் நின்று எடுத்ததில் எனக்கு இதுவரை வாய்த்தவை புறா, மைனா, இன்னும் நிறைய புறா.

மொழி விஷயத்திலும் நான் அப்படித்தான். இத்தனை காலம் இங்கே இருந்தும் எனக்கு வருவது ஆஸ்பத்திரி அரபி மட்டும். எங்கே வலி, மூச்சை இழு, கையை மடக்கு, முடிந்தது, கலாஸ். ஒருமுறை காய்கறிக் கடையில் தக்காளி விலை ஏறியிருந்ததைக் கண்டு கடைக்காரரிடம் பேரம் பேசப் போய், "வலி எப்போதிலிருந்து?" என்று கேட்டுவிட்டேன். ஷெரினுக்கு அப்படியில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த அரபி போதாதென்று, மூன்றாவது மாடி எகிப்துக்காரப் பிள்ளைகளோடு படியில் உட்கார்ந்து பேசிப் பேசி அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. தமிழ்தான் தகராறு. புரியும், பேச மாட்டாள். பேசினால் நாங்கள் சிரிப்போம், அதனால் பேச மாட்டாள்.

3

அந்த மாதம் ஒரு நாள் எனக்கு ஆஃப். முந்தின சாயங்காலமே எல்லா ஃபோன்களும் ஒன்றாக அலறி மழை எச்சரிக்கை சொல்லிவிட்டன. காலையில் அருள், "மழையின்னா எல்லாருக்கும் படம் எடுக்கத் தோணும், எனக்கு மட்டும் மாடியில தண்ணி கோர வேண்டியது" என்று புலம்பிக்கொண்டே டூட்டிக்குப் போனார்.

மத்தியானம் வானம் மஞ்சளடித்தது. பிறகு இருண்டது. முதலில் யாரோ மாடியிலிருந்து சரளைக் கல்லைக் கொட்டுகிற மாதிரி ஏசிப் பெட்டிகளின்மேல் சடசடவென்று சத்தம். எட்டிப் பார்த்தால் கார்களின்மேல் கோலிக்குண்டு கோலிக்குண்டாக விழுந்து துள்ளுகிறது. கீழே ஆண்களெல்லாம் கம்பளி, மெத்தை, அட்டைப் பெட்டி என்று கையில் கிடைத்ததைக் கொண்டு ஓடி வந்து காரை மூடினார்கள். ஒருவர் தன் தலையை மூட மறந்து காரை மட்டும் மூடிவிட்டு, பிறகு அதே மெத்தைக்குள் நுழைந்துகொண்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கார் நிறுத்துமிடம் வெள்ளையாகிவிட்டது.

ஷெரின் அறையிலிருந்து பாய்ந்து வந்தாள். "மம்மி! ஸ்னோ!"

"ஸ்னோ இல்ல மக்ளே, ஆலங்கட்டி."

"வாட்எவர்! இட்ஸ் வைட்!"

அவள் சொன்னதும் சரிதான். வெள்ளை வெள்ளைதானே. சின்ன வயதில் எங்கள் ஊரில் ஒரே ஒரு தடவை ஆலங்கட்டி விழுந்தது. அக்காள் அதை டம்ளரில் பிடித்து, நன்னாரி சர்பத் ஊற்றிக் குடித்தாள். எனக்கு மிஞ்சியது வெறும் தண்ணீர். இப்போது எனக்குள் ஒரு குரல் கூவியது: ஜெசிந்தா, உன் காலம் வந்துவிட்டது. கேமராவை எடு. வெள்ளைத் தரையில் ஒரு குருவியைப் பிடி. குழுவில் போடு.

பால்கனியில் நின்று தேடினேன். வெள்ளைத் தரை இருக்கிறது, குருவி இல்லை. கல்மழையில் வெளியே நிற்க அதற்கென்ன பைத்தியமா? அப்போதுதான் அடுக்களைப் பக்கத்திலிருந்து புல்புல் சத்தம் கேட்டது. அது பாட்டில்லை, கூப்பாடு. விடாமல் கூப்பிடுகிறது.

ஸ்டிக்கர் ஒட்டிய அந்த அடுக்களை ஜன்னலை நான் அதுவரை திறந்ததில்லை. தள்ளினேன். இரும்புச் சட்டம் கிறீச்சிட்டுத் திறந்தது. முற்றத்துச் சுவரின் உச்சியில் ஒரு காகிதப்பூச் செடி படர்ந்திருந்தது. பூவெல்லாம் கிழிந்து, வெள்ளைக் கற்களுக்கிடையில் சிவப்பாகச் சிதறிக் கிடந்தது. கிளைகளுக்கு நடுவில் ஒரு சிறிய கூடு. கூட்டின்மேல் புல்புல் இரண்டு சிறகையும் விரித்துக் கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறது. கறுத்த தலை, வெள்ளைக் கன்னம். முதுகில் கல் விழுந்தால் உடம்பு குலுங்குகிறது. அலகைத் திறந்து கத்துகிறது. ஆனால் எழுந்திருக்கவில்லை. இத்தனை நாள் காதால் கேட்ட பறவையை நான் முதல்முதலாகக் கண்ணால் பார்த்தது அந்தக் கோலத்தில்தான்.

பிரசவ வார்டில் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். எளிதில் அழ மாட்டேன். அன்று அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எடுத்தேன். கண்ணைத் துடைப்பதா, கேமராவைப் பிடிப்பதா என்று தெரியாமல் படபடவென்று எடுத்துத் தள்ளினேன். பறவையின் கண்ணில் வெளிச்சம் விழுந்த ஒரு கணம் வாய்த்தது. "ரீத்தா அக்கா, இந்தா பிடி" என்று சத்தமாகவே சொன்னேன்.

அப்போது படத்தின் ஓரத்தில் ஏதோ அசைந்தது. கேமராவைத் தாழ்த்தினேன். முற்றத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். வீட்டு உடை, அவிழ்ந்த கூந்தல், தலைக்கு மேல் ஒரு தட்டு. நேராக என்னைப் பார்த்தாள். என் கேமராவைப் பார்த்தாள்.

ஜன்னலை இழுத்து அடைத்தேன்.

4

இங்கே ஒருவரை அவர் சம்மதமில்லாமல் படம் எடுப்பது விளையாட்டுக் காரியமில்லை. அதிலும் வீட்டு முற்றத்தில், தலையில் துணியில்லாத ஒரு பெண்ணை, அடுத்த கட்டடத்து ஜன்னலிலிருந்து. போலீஸ், வழக்கு, வேலை, விசா என்று மனம் ஒரு நொடியில் ஏர்போர்ட் வரை போய்விட்டது. அருளைக் கூப்பிட்டேன். பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம்.

"பிள்ளைக்க அப்பா, நான் பக்கத்து வீட்டு மாமாவ போட்டோ எடுத்துட்டேன்."

இங்கே வீட்டு எஜமானியை மாமா என்றுதான் சொல்வது. ஆனால் பதற்றத்தில் அவருக்கு எதுவும் ஓடவில்லை.

"எந்த மாமாவ? எதுக்கு?"

"எடுத்தது குருவிய. அவங்க வந்து விழுந்துட்டாங்க."

"விழுந்துட்டாங்களா? அடி கிடி பட்டுதா?"

"போட்டோவுல விழுந்துட்டாங்க!"

"சவத்த டெலீட் பண்ணு ஜெசி. இப்பமே எல்லாத்தையும் டெலீட் பண்ணு" என்றார். பண்ணப் போனேன். கை வரவில்லை. அதற்குள் கதவு மணி அடித்தது. தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு ரஃபீக் பாய் நின்றார்.

"சிஸ்டர், உதர் மாமா புலாதா ஹை. கேமரா பி லாவ். ஜல்தி."

பக்கத்து வீட்டம்மா கூப்பிடுகிறாளாம். கேமராவும் வேண்டுமாம், சீக்கிரமாம். என் கை தானாகத் தன் வேலையைச் செய்தது. அலமாரியைத் திறந்து ஃபைலை எடுத்தது. கல்ஃபில் குடும்பம் நடத்துகிற எல்லோர் வீட்டிலும் அந்த ஃபைல் இருக்கும். பாஸ்போர்ட் காப்பி, விசா காப்பி, ஐடி காப்பி, வாடகை ஒப்பந்தம், கல்யாண சர்டிபிகேட், வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோக்கள். யார் எதற்குக் கூப்பிட்டாலும் முதலில் இதைத்தான் எடுப்போம். ஒருமுறை சர்ச்சில் பாதிரியார் "பூசை முடிஞ்சு வந்து பாரும்மா" என்றபோது, ஃபைல் பையில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தவள் நான்.

"மம்மி, ஃபைல் எதுக்கு?" என்றாள் ஷெரின்.

"எதுக்குன்னு கேட்டுட்டா எடுக்குது? நீயும் வா. எனக்கு அவங்க பாஷை தெரியாது."

5

கல்மழை நின்று, தூறலாகியிருந்தது. முற்றம் முழுக்க வெள்ளை. அந்தப் பெண் இப்போது கறுப்புத் துணியால் தலையை மூடியிருந்தாள். உம் சயீத் என்று அவளைக் கூப்பிடுவார்கள் என்பது பிறகு தெரிந்தது. சயீதின் அம்மா என்று பொருள். கிட்டத்தட்ட என் வயது. ஒரு பெரிய பாத்திரத்தில் ஆலங்கட்டியை அள்ளி நிரப்பி வைத்திருந்தாள், ஃப்ரீசருக்கு. வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகள் வந்து பார்க்க வேண்டுமாம்.

என்னைக் கண்டதும் வேகவேகமாக அரபியில் ஏதோ சொன்னாள். கையை மேலே காட்டினாள், நெஞ்சில் வைத்தாள். குரல் படபடத்தது. அவளைச் சமாதானப்படுத்த வேண்டுமென்று எனக்குத் தோன்றியது. வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"தனஃபஸ், மாமா. தனஃபஸ்."

மூச்சை நன்றாக இழுங்கள் என்று அர்த்தம். அவள் பேச்சை நிறுத்திவிட்டு என்னை விசித்திரமாகப் பார்த்தாள். ஷெரின் முகத்தை மூடிக்கொண்டாள். "மம்மி, ப்ளீஸ். நான் பேசுறேன்."

அவள் பேசினாள். உம் சயீத் பேசினாள். ஷெரின் தோள்கள் தளர்ந்தன. என்னிடம் திரும்பினாள்.

"மம்மி, அவங்க ஆங்ரி இல்ல. நெஸ்ட் பத்திக் கேக்குறாங்க. கீழ இருந்து பாத்தா தெரியல, முள்ளு செடி, ஏற முடியாது. நீங்க மேல இருந்து போட்டோ எடுத்தீங்க இல்லியா? குஞ்சு உயிரோட இருக்கான்னு பாக்கணுமாம்."

ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி நின்ற எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தலைக்கு மேல் தட்டைப் பிடித்துக்கொண்டு அவள் அங்கே நின்றதும் அந்தக் கூட்டைப் பார்க்கத்தான்.

கேமராவின் சின்னத் திரையில் மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். ஒரு படத்தைப் பெரிதாக்கினால், தாயின் சிறகுக்கடியில் மஞ்சள் வாய் ஒன்று ஆவென்று திறந்திருக்கிறது. பக்கத்தில் இன்னொன்று. "மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்" என்று உம் சயீத் என் தோளைத் தட்டினாள். நான் பெற்ற குஞ்சு மாதிரி எனக்கும் பெருமை. அடுத்த படம், அதற்கடுத்தது என்று தள்ளினேன். கண்ணில் வெளிச்சம் விழுந்த அந்தப் படம் வந்தது. அதன் ஓரத்தில் அவள், அவிழ்ந்த கூந்தலோடு.

அவள் கை என் தோளிலிருந்து இறங்கியது. கோபப்படவில்லை. மெதுவாக இரண்டு வார்த்தை சொன்னாள். ஷெரின் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. அந்தப் பக்கத்தை வெட்டிவிடலாமே என்று சொல்ல நினைத்தேன். ஆனால் முழுப் படம் என் கையில் இருக்கும்வரை அவளுக்கு நிம்மதி இருக்காது. ஒரு பெண்ணாக எனக்கு அது புரியாதா? அவள் கண்ணுக்கு முன்னாலேயே அழித்தேன். அழித்தது தெரியும்படி முன்னும் பின்னும் தள்ளிக் காட்டினேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அது.

"ஷுக்ரன்" என்றாள். நன்றி. பிறகு எங்கள் இருவரையும் உள்ளே இழுத்து உட்கார வைத்துவிட்டாள்.

காவா என்ற அரபுக் காப்பியும் பேரீச்சம்பழமும் வந்தன. அப்போதுதான் என் மடியில் இருந்த ஃபைலைப் பார்த்தாள். இது என்ன என்று கேட்டு வாங்கிப் புரட்டினாள். கல்யாண சர்டிபிகேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஷெரினிடம் ஏதோ கேட்டாள். ஷெரின் சிரித்துச் சிரித்துக் காவாவைச் சிந்தினாள்.

"மம்மி, வீட்டு வேலைக்கு ஆள் தேடல, எதுக்கு பயோடேட்டா கொண்டு வந்தீங்கன்னு கேக்குறாங்க!"

நானும் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அடுத்த தாள் ஷெரினின் பாஸ்போர்ட் காப்பி. பிறந்த இடம் ராஸ் அல் கைமா என்று அதில் இருந்தது. உம் சயீத் அதைத் தன் விரலால் தொட்டு ஷெரினிடம் கேட்டாள். ஷெரின் தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசியது எனக்குச் சுத்தமாக விளங்கவில்லை. கனடா என்ற ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது. ஷெரின் முதலில் சாதாரணமாகத்தான் பேசினாள். போகப் போகக் குரல் மாறியது. வீட்டில் ஓகே, ஃபைன், வாட்எவர் என்று மூன்று சொல்லில் நாளை ஓட்டும் பிள்ளை, அந்த அம்மாவிடம் நிறுத்தாமல் பேசினாள். பிள்ளையின் கண் நிறைந்துவிட்டது. உம் சயீத் காவாக் குடுவையைக் கீழே வைத்தாள். என் பக்கம் திரும்பி, இங்கே எல்லோரும் பேசும் உடைந்த இந்தியில் சொன்னாள்:

"யே பச்சி ஜானா நஹி மாங்தா. கனடா மாஃபி. இதர் ரெஹ்னா மாங்தா. தும் பூச்சா?"

இந்தப் பிள்ளைக்குப் போக இஷ்டமில்லை. கனடா வேண்டாமாம். இங்கேதான் இருக்க வேண்டுமாம். நீ கேட்டாயா?

கேட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஓகே என்றாளே என்று சொல்ல நினைத்தேன். என் பிள்ளையின் மனசு அரபியில் புறப்பட்டு, இந்தியில் இறங்கி, பக்கத்து வீட்டு வழியாக எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அடுத்த அறையில் இருந்தவளுக்கு என்னிடம் வர இவ்வளவு தூரம். அந்த இடத்திலேயே அழுதேன். உம் சயீத் என் முதுகைத் தடவிக்கொண்டே, "தனஃபஸ், சிஸ்டர், தனஃபஸ்" என்றாள்.

6

படியேறும்போது நடுவில் உட்கார்ந்துவிட்டேன். ஷெரினும் பக்கத்தில் உட்கார்ந்தாள். படியெல்லாம் ஈரம்.

"எனக்கிட்ட ஏன் மக்ளே சொல்லல்ல?"

"நீங்க ஹேப்பியா இருந்தீங்க மம்மி. பெரியம்மாட்ட பேசும்போ, வின் பண்ணின மாதிரி."

உண்மைதானே. ஊரில் இனி யாரும் என்னை எப்பம் திரும்பிப் போற என்று கேட்க மாட்டார்கள், என் மகள் கனடாவில் செட்டில் என்று சொல்லலாம் என்று நான் கனவு கண்டது உண்மைதான்.

"உனக்கு நல்லதுன்னுதான் நெனச்சேன். இந்த நாடு நம்மள எப்பமும் வச்சுக்காது. எனக்க வேல முடிஞ்சா விசா முடிஞ்சுது. அப்பம் எங்க போவ?"

"ஐ நோ மம்மி. போகச் சொன்னா போலாம். இப்ப யாரும் என்னப் போகச் சொல்லல." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க மட்டும்தான் சொல்றீங்க."

அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டேன். வளர்ந்த பிள்ளை, இடம் போதவில்லை. இங்கே உள்ள கல்லூரியில் ரேடியோகிராஃபி படிக்க வேண்டுமாம். தனியாகப் போய் விசாரித்தும் வந்திருக்கிறாள். எக்ஸ்ரே எடுக்கும் படிப்பு. எனக்கு வேண்டியதுதான்.

அதற்குள் அருள் நனைந்த கோழியாகப் படியேறி வந்தார். போலீஸ் வந்திருக்கும் என்று நினைத்துப் பாதி டூட்டியில் ஓடி வந்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். சுவரில் சாய்ந்து நின்று முகத்தைத் துடைத்தார்.

"அப்பாடா. நான் சொன்ன ஓகேயும் இவளுக்க ஓகே மாதிரிதான் பிள்ள. நீ ஆசப்பட்டியேன்னு பேசாம இருந்தேன்."

மூன்று பேர் உள்ள வீடு. இரண்டு பேர் என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான்தான் அவ்வளவு பயங்கரமான ஆள் என்பது அன்றுதான் தெரிந்தது.

மீதியிருந்த படங்களில் தேடி ஒன்றை எடுத்துக் குழுவில் போட்டேன். புல்புல் கொஞ்சம் கலங்கலாகத்தான் விழுந்திருந்தது. ஆனால் சுற்றிலும் வெள்ளை பளிச்சென்று இருந்தது. இதயங்கள் எத்தனை என்று பார்ப்பதற்குள் அக்காள் கூப்பிட்டுவிட்டாள்.

"ஏ ஜெசி! அங்க ஸ்னோவா? எனக்க கண்ணையே நம்ப முடியல்ல!"

நேற்றாக இருந்தால் அந்தக் கேள்வியை நெய்யும் சீனியும் போட்டுத் தின்றிருப்பேன். இப்போது அதற்கு மனமில்லை. ஆலங்கட்டி என்று சொன்னேன். பிறகு ஷெரின் வரவில்லை என்பதையும் சொன்னேன். பயந்துகொண்டேதான் சொன்னேன்.

"பிள்ளைக்க ரூமுக்குத் திரை கூட வாங்கிப் போட்டுட்டேன்" என்றாள் அக்காள்.

"அக்கா..."

"கோவம் ஒண்ணும் இல்ல. பசங்க ரெண்டு பேரும் வேற ஊருக்குப் போயாச்சு. அவரு வேலைக்குப் போனா வீட்டுல சத்தமே கெடையாது. ஏப்ரல் வந்தா வெயிலு வரும், வாசல்ல எறங்கலாம்னு இருப்பேன். அப்பம் பாத்து மறுபடியும் பனி விழும். ஜன்னல்ல நின்னு அந்தக் குருவியத்தான் பாத்துட்டு இருப்பேன். காட்டுததுக்கு ஆளு இல்லாமத்தான் குரூப்புல போடுதது."

அந்தப் படங்களைப் பார்த்து இத்தனை வருஷம் நான் என்னவெல்லாம் நினைத்திருக்கிறேன்! ஷெரின் என் கையிலிருந்து ஃபோனை வாங்கினாள்.

"பெரியம்மா, நீங்க இங்க வாங்க. விசிட். ஏப்ரல்ல வாங்க, ஸ்னோ டைம்ல. நான் கூட்டிட்டுப் போறேன் எல்லா இடமும்."

"நீ தமிழ் பேசுவியா மக்ளே?" என்றாள் அக்காள். அவள் குரல் உடைந்தது.

"கொஞ்சம் தப்பா பேசுவேன். சிரிக்கக் கூடாது."

"சிரிக்க மாட்டேன். சொல்லு, எங்கெல்லாம் கூட்டிட்டுப் போவ?"

ஷெரின் ஃபோனைக் காதில் வைத்தபடி தன் அறைக்குப் போய்க் கட்டிலில் கால் மடக்கி உட்கார்ந்தாள். மலை, கடற்கரை, மீன் மார்க்கெட், உம் சயீத் வீடு என்று தனக்குத் தெரிந்த தமிழில் தன் ஊரைச் சொல்ல ஆரம்பித்தாள். நானும் அருளும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.